மேடத்தைத் தாண்டி எப்படிப் போவது

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் கட்டடத்தில் தீ மணி அடித்தது. நான் இருந்தது ஏழாவது மாடி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்காக வாங்கிய புது ஷூ இரண்டு குதிகாலையும் கடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தீயைப் பார்த்து ஓடுவோம். இங்கே தீக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று சுவரில் படம் வரைந்து ஒட்டியிருந்தார்கள். கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியாததா என்று படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ‘இங்கே கூடவும்’ என்று ஒரு பலகை நட்டிருக்கும். மூச்சிரைக்க அங்கே போய் நின்றேன். கட்டடத்திலேயே முதலில் தப்பித்தவன் நான்தான் என்று ஒரு நிமிடம் பூரித்துப் போனேன்.

பலகைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மடியில் விரித்த செய்தித்தாள், தலைக்கு மேல் குடை.

“பரவாயில்லையே தம்பி, ரெண்டாவதா வந்துட்டே,” என்றார்.

எந்த மாடி என்று மரியாதையாகக் கேட்டேன். ஏழு என்றார். நான் கால்களையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்ததை அவர் ரசித்தார். அவர்தான் என் பிரிவின் தலைவி என்பதும், நான் சேர்ந்த நாளிலிருந்து விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார் என்பதும் மற்றவர்கள் வியர்த்து வடிந்து இறங்கிவந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அடித்தது வெறும் ஒத்திகை மணி; அவர் எப்படி முதலில் வந்தார் என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஒத்திகையின்போதும் மணி அடிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் கட்டட மேலாளர் ஏழாவது மாடிக்கு வருவார். “மேடம், கிளம்பலாமா?” என்று காதோடு சொல்லி, லிஃப்டில் கீழே இறக்கி, பலகைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப் போவார். பிறகு மேலே போய் மணியை அமுக்குவார். மாற்றுத்திறனாளி உட்பட அனைவரும் விரைவாக வெளியேற்றப்பட்டனர் என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். அதில் பொய் ஒன்றுமில்லை. வெளியேற்றப்பட்டதற்குப் பிறகுதான் தீ வந்தது, அவ்வளவுதான்.

அந்த மேலாளரின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு விசில் என்றே பெயர். எங்கள் தலைவியை எல்லோரும் தீ மேடம் என்றார்கள். அதற்குக் காரணம் அவர் குணம் மட்டுமல்ல. நாங்கள் ஒரு காப்பீட்டு நிறுவனம். தீ விபத்து நடந்துவிட்டது, நஷ்ட ஈடு கொடுங்கள் என்று வரும் மனுக்களைச் சரிபார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. எரிந்த கிடங்கின் புகைப்படத்தை மேடம் முகர்ந்து பார்த்தே தானாக எரிந்ததா, எரித்ததா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அது மிகை. ஆனால் சாம்பலாகிவிட்டதாக ஒருவர் கணக்குக் காட்டிய ஐஸ் பெட்டி, அதே மனிதர் மகன் பிறந்தநாளுக்கு எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய படத்தில் கேக்குக்குப் பின்னால் புத்தம் புதிதாக நின்றதை மேடம் கண்டுபிடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “சாம்பலுக்குப் பிறந்தநாள் கொண்டாடுறார் பாரு,” என்றார்.

அவரைப் புண்ணியவதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் மேசை இழுப்பறையில் பிஸ்கட் இருந்தால் கேட்காமல் எடுப்பார். நாம் எழுதிய குறிப்பில் பிழை இருந்தால், நம்முடைய குரலிலேயே அதை எல்லோருக்கும் படித்துக்காட்டுவார். எப்படி மேடம் இப்படி ஆச்சு என்று காலைக் காட்டி யாராவது உருகினால் ஆளுக்கொரு கதை சொல்வார். ஒருவரிடம் சர்க்கஸில் பார் விளையாடியபோது விழுந்ததாகச் சொல்லியிருந்தார். இன்னொருவரிடம் கரடி. என்னிடம், இந்தக் கட்டடத்து லிஃப்டுக்குக் காத்திருந்து காத்திருந்து கால் மரத்துப்போனது என்றார். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல்தான் உண்மைக் காரணம். அதைச் சொன்னால் கேட்கிறவர் தலையைச் சாய்த்து ‘உச்’ கொட்டுகிறார், கரடி என்றால் கரடியைப் பற்றிக் கேட்கிறார் என்பது அவர் கண்ட அனுபவம்.

அந்த வருடம் விதி மாறியது. தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அவரே மணியை அமுக்கி, கட்டடம் காலியாவதைப் பார்ப்பாராம். விசிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று தெரியாவிட்டால் மேடத்தை எப்போது லிஃப்டில் ஏற்றுவது? அடித்த பிறகு லிஃப்டைத் தொடக் கூடாது. இரண்டு நாள் யோசித்து, தரைத்தளத்தில் பார்சல் அறையை ஒட்டியிருந்த ஒரு அறையைக் கூட்டிப் பெருக்கி, மேசை போட்டு, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிக்கொண்டு மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

எல்லாம் மேடத்தின் பாதுகாப்புக்காகத்தான் என்று நீளமாகப் பேசினார். சம்பளம் குறையாது, வாசல் பக்கத்திலேயே, வெயில் இல்லை, படி இல்லை என்றார். தலைவி பதவி என்ன ஆகும் என்று மேடம் கேட்டார். பிரிவு ஏழாவது மாடியில் இருக்கும்போது தலைவி எப்படிக் கீழே இருக்க முடியும், அதைத் துணைத்தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விசில் தரையைப் பார்த்துச் சொன்னார். துணைத்தலைவர் பக்கத்து மேசையில் இருந்தார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் அவரை நாங்கள் ஆமாஞ்சாமி என்போம். அப்போதும் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தத் தலைவி நாற்காலிக்காக மேடம் எத்தனை பேரைத் தாண்டி வந்தார் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு வெளியூர் போக முடியுமா, இரவு தங்க முடியுமா என்று கேட்டே இரண்டு முறை தள்ளிவைத்திருக்கிறார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கீழே போனா உயிரோட இருப்பேன். மேலே இருந்தா வேலையோட இருப்பேன். ரெண்டும் வேணும்னா பேராசைன்னு சொல்றீங்களா?”

மேடமே தொடர்ந்தார். “ஆய்வு அன்னைக்கு நான் படியில இறங்கிக் காட்டுறேன். ஆய்வாளர் சரின்னு சொன்னா இந்த மேசையை யாரும் தொடக் கூடாது. இல்லேன்னு சொன்னா நானே சாமானைக் கட்டிக்கிட்டு உங்க குடோனுக்கு வந்துடுறேன்.”

குடோன் இல்லை, அலுவலக அறைதான் என்று விசில் திருத்தினார். ஆனால் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதில் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஏழாவது மாடிப் படி ஓரத்தில் சுவரோடு ஒரு அலமாரி இருந்தது. ‘அவசர நாற்காலி’ என்று அதன் மேல் சிவப்பில் எழுதியிருக்கும். சாவி முந்தைய மேலாளரிடம் இருந்தது, முந்தைய மேலாளர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவசரம் வந்தால் முதலில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நல்லவேளையாக மேடத்தின் கணவர் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் பையோடு வந்து, ஒரு கம்பியை விட்டு, இந்தக் காலத்துப் பூட்டுகளின் தரம் பற்றி எங்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றிக்கொண்டே திறந்துவிட்டார். உள்ளே நாற்காலி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் காலடியில் காலியான ஒரு மதுப் புட்டி. கணவர் எடுத்து மோந்து பார்த்தார்.

“நல்ல சரக்கு. அவரும் அவசரத்துக்குத்தான் வெச்சிருந்திருப்பார்,” என்றார்.

மடக்கு நாற்காலிதான் அது. ஆனால் முதுகுக்குக் கீழே பீரங்கி வண்டிக்கு இருப்பதுபோல் இரண்டு ரப்பர் பட்டைகள். ஆளை உட்காரவைத்து, வாரால் கட்டி, பின்னால் சாய்த்துப் படி விளிம்பில் வைத்தால், பட்டைகள் படியைக் கவ்விக்கொண்டு மெதுவாகச் சறுக்கும். பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும், முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. யார் பிடிப்பது என்று மேடம் கேட்டதும் பிரிவில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்தது. மீதிப் பேருக்கு ஏற்கெனவே இருந்ததாம்.

மேடம் என்னைப் பார்த்தார். “தம்பி, கிராமம்தானே? மூட்டை தூக்கியிருக்கியா?”

“தூக்கியிருக்கேன் மேடம். ஆனா நான் பி.காம்.”

“பி.காம் முடிச்சா தோள் கழண்டுடுமா?”

அன்று போனில் அப்பாவிடம் சொன்னேன். மூட்டை தூக்கக் கூடாது என்றுதானே படிக்கவைத்தேன் என்று அவர் வருத்தப்பட்டார். மூட்டை இல்லை, தலைவி என்றேன். அப்படியென்றால் கீழே போட்டுவிடாதே, நிரந்தரம் ஆகிறவரைக்குமாவது, என்றார்.

முன்னால் நிற்பதற்கு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒயர் வந்தான். ஒல்லியானவன், பெயருக்கேற்ற உடம்பு. மேடம் சரிந்தால் அவன் தாங்க மாட்டான், ஆனால் மெத்தென்று இருப்பான் என்று மேடமே அவனைத் தேர்ந்தெடுத்தார். நாற்காலி தாங்கும் எடை முதுகில் அச்சிட்டிருந்தது. மேடத்தின் எடையை நான் சுற்றி வளைத்து விசாரித்தேன். “தாங்கும். அதுக்கு மேல கேக்காதே,” என்றார்.

முதல் ஒத்திகைக்குத் தானே உட்காருவதாக மேடம் சொல்லவில்லை. யார் பொறுப்போ அவர் உட்காரட்டும் என்றார். விசில் மறுத்துப் பார்த்தார். அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அனுபவம் வேண்டாமா என்று மேடம் கேட்க, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆமாஞ்சாமி இரண்டு முறை. விசிலை உட்காரவைத்துக் கட்டினோம். பயத்தில் அவர் விசிலை வாயில் கவ்விக்கொண்டார். முதல் படியில் நான் பயந்துபோய் நாற்காலியை மேலே தூக்கிவிட்டேன். பட்டைகள் பிடியை விட்டன. விசிலின் முழுப் பாரமும் என் கையில். அவர் மூச்சு விட்ட ஒவ்வொரு தடவையும் விசில் ஊதியது. ஆறாவது மாடியிலிருந்து ஆட்கள் ஒத்திகை என்று நினைத்துப் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

“தூக்காதே தம்பி, சாய்,” என்று மேலேயிருந்து மேடம் கத்தினார். “மூட்டை இல்லை அது. அதோட கனமே அதை இறக்கும். நீ நம்பு.”

நம்பினேன். சறுக்கியது. ஐந்தாவது மாடியில் விசிலை அவிழ்த்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து மேடம் உட்கார்ந்தார். இறங்கும்போதெல்லாம் பேசிக்கொண்டே வருவார். பேச்சு நின்றால் பயப்படுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாடித் திருப்பம் குறுகல், அங்கே எப்போதும் பேச்சு நிற்கும். ஒரு வாரத்தில் அங்கேயும் பேசத் தொடங்கினார்.

ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தரைத்தளத்தில் இரண்டு அறைகள். அலமாரி, அடுப்பு, சுவிட்சு, கண்ணாடி எல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தன. கணவர் ஆறடிக்கு மேல். கண்ணாடியில் அவருக்குத் தெரிவது சட்டைப் பொத்தான் மட்டும்தான். குனிந்து குனிந்துதான் அந்த வீட்டில் வாழ்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் நேராகக் கேட்டாள்: சம்பளம் அதேதான், கீழே உட்கார்ந்தால் என்ன அம்மா? பதிலைக் கணவர்தான் சொன்னார்: “உங்கம்மா வீட்டுல என்னை அதட்டுறதே ஆபீஸ்ல பழகிட்டு வந்துதான். அங்க அதட்ட ஆள் இல்லேன்னா மொத்தமும் எனக்குத்தான். நான் தாங்க மாட்டேன். மேல் மாடியிலேயே இருக்கட்டும்.”

ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். குள்ளமான பெண்மணி, சீருடை, கையில் கடிகாரம். வந்த வேகத்தில் மணியை அமுக்கினார். நாங்கள் பயின்றபடியே செய்தோம். மேடத்தைச் சக்கர நாற்காலியிலிருந்து அவசர நாற்காலிக்கு மாற்றினோம், வாரைக் கட்டினோம், சாய்த்தோம், இறங்கினோம். திருப்பம் திருப்பமாக வெண்ணெயில் கத்தி போல. மேடம் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது மாடியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் ஒரே காலடிச் சத்தம், ஆனால் எங்களைத் தாண்டி யாரும் போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். பிரிவு முழுக்க எங்கள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் எட்டாவது மாடி, ஒன்பதாவது மாடி. படி ஒரு ஆள் தாராளமாகத் தாண்டிப் போகிற அகலம்தான்.

“தாண்டிப் போங்க,” என்று மேடம் கத்தினார். ஒருவரும் தாண்டவில்லை. இன்னும் மெதுவாக, இன்னும் மரியாதையாக வந்தார்கள்.

கீழே ஆய்வாளர் கடிகாரத்தை நிறுத்தினார். இவ்வளவு நேரத்தில் இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் புகையில் விழுந்திருப்பார்கள் என்றார். விசில் எங்கோ வானத்தைப் பார்த்தபடி, தான் முன்னாலேயே சொன்னதாக முனகினார். ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பவில்லை. வரிசையின் முதலில் நின்ற ஆமாஞ்சாமியிடம் கேட்டார்:

“இடம் இருந்துச்சே, ஏன் தாண்டி வரலை?”

ஆமாஞ்சாமிக்குக் கேள்வியே புரியவில்லை. “மேடம் முன்னாடி போறாங்களேம்மா. மேடத்தைத் தாண்டி எப்படிப் போறது?”

ஆய்வாளர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: நாற்காலி இறங்கிய விதத்தில் குறை இல்லை, கால் இருப்பவர்கள்தான் தேறவில்லை. கட்டடத்துக்குச் சான்றிதழ் கிடையாது, அடுத்த வாரம் திரும்ப வருவேன். போகும்போது வழியும் சொல்லிக்கொடுத்தார். படி ஓரத்தில் தீக்கதவுக்கு உள்ளே அகலமான மேடை இருக்கிறதல்லவா, மேடம் அங்கே துணை ஆட்களோடு காத்திருக்கட்டும். புகை அங்கே சீக்கிரம் வராது. எல்லோரும் இறங்கிப் படி காலியானதும் நாற்காலி கடைசியாக இறங்கட்டும்.

விசில் அன்று மாலையே தரைத்தள அறைக்கு ஒரு மின்விசிறி மாட்டச் சொல்லிவிட்டார். மேடம் காதில் விழுந்தது. ஆய்வு இன்னும் முடியவில்லை என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு யாருடைய பிஸ்கட்டையும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மணி அடித்ததும் மேடையில் போய் நின்றோம். மேடம் அவசர நாற்காலியில் தயாராக, நான் பின்னால், ஒயர் முன்னால். ஆய்வாளர் எதிர்ச்சுவரில் சாய்ந்து கடிகாரத்தோடு. கதவு திறந்தது. முதல் ஆளாக வந்த டைப்பிஸ்ட் மேடத்தைப் பார்த்ததும் நின்றார்.

“வர்றேன் மேடம்.”

“போம்மா.”

அடுத்தவர் நின்றார். நீங்கள் இங்கே இருக்க நாங்கள் போவதற்கு மனசு கேட்கவில்லை என்றார். அதற்கடுத்தவர் தண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஆமாஞ்சாமி வந்து, நின்று, கண் கலங்கி, தானும் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் எட்டாவது மாடியின் படியில் ஆட்கள் தேங்கிவிட்டார்கள். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மேடமும் ஆய்வாளரின் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“தம்பி, என்னைச் சுவத்தைப் பார்த்துத் திருப்பு,” என்றார். திருப்பினேன். ஏ.சி. குளிருக்காகத் தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து, தலையிலிருந்து மடிவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: “இப்ப இங்க மேடம் இல்லை. போங்க எல்லாரும்.”

அடைப்பு எடுத்த குழாய் மாதிரி கூட்டம் இறங்கியது. எதிரில் மேடத்தின் முகம் இல்லை, வணக்கம் சொல்ல இடமில்லை; கால்களுக்குத் தங்கள் வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பதாவது மாடிக்காரர் ஒருவர் போகிற போக்கில் மூடிய உருவத்தைப் பார்த்து, என்னய்யா அது என்று கேட்டார். கீழ்ப்படியில் போய்க்கொண்டிருந்த ஆமாஞ்சாமி திரும்பாமலே சொன்னார்: “பழைய ஃபைல் சார், வாங்க வாங்க.”

சால்வை குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

படி காலியானதும் நாற்காலியைச் சாய்த்தேன். மேடம் சால்வையை எடுக்க மறந்து, அதற்குள்ளிருந்தே ஆமாஞ்சாமியின் இந்த வருட மதிப்பீட்டில் என்ன எழுதப்போகிறார் என்று விவரித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடித் திருப்பத்தில்கூட நிறுத்தவில்லை. ஆய்வாளர் எங்கள் பின்னாலேயே இறங்கி வந்து, கீழே கடிகாரத்தை விசிலிடம் காட்டினார். சான்றிதழ் தரலாம் என்றார். ஏழாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஆள் வேலை பார்ப்பதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று விசில் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தார். இல்லை என்றார் ஆய்வாளர். அந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கக் கூடாது, அதுதான் தடை என்றார். மேடத்தின் கணவர் மறுநாள் வந்து பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார். கூலி கேட்கவில்லை, பூட்டைக் கடையில் விற்பனைக்கு வைத்துவிட்டார்.

நான் நிரந்தரமாகி, இப்போது அதே பிரிவில் இருக்கிறேன். நாற்காலியை நானும் ஒயரும் மட்டுமல்லாமல் பிரிவில் எல்லோரும் பிடிக்கப் பழகிவிட்டார்கள், முதுகுவலிக்காரர்கள் உட்பட. எங்கள் கட்டடத்தில் தீ ஒன்றும் வரவில்லை. மேடம் ஏழாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய அதே மேசையில், தீ விபத்துப் பிரிவின் தலைவியாக இருக்கிறார். தரைத்தள அறையில் விசில் உட்கார்ந்திருக்கிறார். மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது.